நின்ற இடத்திலிருந்து எடுக்கத் தெரியணும்

கும்பகோணத்தில் 27 வருஷமாக வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளைக் கூட்டிவரும் அம்மாக்கள் என்றைக்காவது ஒருநாள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே இதைக் கேட்டுவிடுவார்கள்: "வீட்டுல நல்லாத்தான் வாசிக்கிறா டீச்சர். நாலு பேர் முன்னாடி உட்கார்ந்தா எல்லாம் மறந்து போயிடுது. என்ன பண்றது?" வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த வயலினை வைத்துத்தான் சொல்லப் போகிறேன். வாய்ப்பாட்டு, வீணை, புல்லாங்குழல் எதுவானாலும் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

1991. எனக்கு 18 வயது. ஒரு சபாவின் இளம் கலைஞர் விழாவில் ஒரு மணி நேரத் தனிக் கச்சேரி. நடுவில் கல்யாணி ராகத்தில் தியாகராஜர் கீர்த்தனை ஒன்று. கீர்த்தனை பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று மூன்று பகுதியாகப் போகும்; அனுபல்லவி முடிந்தாலும் சரணம் முடிந்தாலும் பல்லவிக்குத் திரும்புவோம். அவருடைய கீர்த்தனைகள் பலவற்றில் சரணத்தின் பின்பாதி அனுபல்லவியின் மெட்டிலேயே வரும். பாடுகிறவர்களுக்கு எங்கே இருக்கிறோம் என்பதைச் சாகித்தியம், அதாவது பாட்டின் சொற்கள், காட்டிக்கொடுத்துவிடும். வில் போடுகிறவள் சாகித்தியத்தை மனசுக்குள் பாடிக்கொண்டே வாசிக்காவிட்டால் கையில் வெறும் மெட்டு மட்டும்தான் மிஞ்சும். நான் பாடிக்கொள்ளவில்லை. விரல் போன போக்கில் போய்க்கொண்டிருந்தேன். சரணம் முடிந்து பல்லவிக்கு வந்தேன். மிருதங்கக்காரர் முடிப்பதற்குத் தீர்மானம் (முடிவைக் காட்டும் தாளக் கோவை) வைத்தார். என் கையோ இப்போதுதான் அனுபல்லவி முடிந்தது என்று நினைத்துக்கொண்டு மறுபடி சரணத்தை எடுத்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் விஷயம் புரிந்தது, வில் நின்றுவிட்டது. எங்கே போவதென்று தெரியவில்லை. சுருதிப்பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பல்லவியின் முதல் எழுத்தைத் தவிர வேறு எங்கிருந்தும் அந்தக் கீர்த்தனையை எடுக்க எனக்குத் தெரியாது என்பது, அத்தனை பேர் முன்னால் அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிந்தது.

அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் அந்தக் கீர்த்தனையை நாளைக்கு மூன்று தடவையாவது வாசித்திருப்பேன். சாதகம், அதாவது பயிற்சி, போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அப்பா நாகஸ்வரக்காரர். அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்து, நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சாமி புறப்பாட்டுல நாங்க வாசிச்சுக்கிட்டுப் போறோம். எந்த வீட்டு வாசல்ல தட்டு வரும், எந்த முனையில தீபாராதனைக்கு நிக்கும்னு எங்களுக்குத் தெரியாது. கை காட்டினா நிறுத்தணும். சாமி கிளம்பினா நின்ன இடத்துலேர்ந்து எடுக்கணும். உனக்குக் கோயில் வாசல்லேர்ந்து மட்டும்தாம்மா எடுக்கத் தெரியுது."

அதற்குப் பிறகு நான் செய்த சாதகமும் இன்றைக்குச் சொல்லிக்கொடுக்கிற முறையும் அந்தப் பேச்சிலிருந்து வந்தவை.

சீட்டு டப்பா

மேடையில் வயிற்றைக் கலக்குவது பெரும்பாலும் ஒரே ஒரு சந்தேகம்தான்: தடத்திலிருந்து இறங்கிவிட்டால் எங்கே ஏறுவது? அதற்குக் கைவசம் பதில் இருக்கிறது என்று தெரிந்தால் கலக்கம் பாதியாகக் குறையும். அந்தப் பதிலை வீட்டிலேயே தயார் செய்யலாம்.

ஒரு கீர்த்தனையை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லவி எடுப்பு (தொடங்கும் இடம்), பல்லவியின் மூன்றாவது சங்கதி (அதே வரியின் மெருகேறிய மாற்று வடிவம்), கடைசிச் சங்கதி, அனுபல்லவி எடுப்பு, அதன் இரண்டாவது வரி, சிட்டஸ்வரம் (சொல் இல்லாமல் சுவரங்களாலேயே அமைந்த பகுதி) இருந்தால் அது, சரணம், சரணத்தின் பின்பாதி என்று எங்கெல்லாம் ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்குகிறதோ அங்கெல்லாம் ஒரு சீட்டு. சாதாரணக் கீர்த்தனைக்கு 10, 12 சீட்டு வரும். மடித்து ஒரு எவர்சில்வர் டப்பாவில் போடுங்கள். வீட்டில் யாரையாவது தாளம் போடச் சொல்லுங்கள். ஆள் இல்லையென்றால் போனில் தாளத்தை ஓடவிடுங்கள். ஒரு சீட்டை எடுத்துப் பிரித்ததும் ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) கெடு. அடுத்த ஆவர்த்தனத்தில் அந்த இடத்தைச் சரியான எடுப்பில் எடுத்தாக வேண்டும். அரை இடம் தள்ளி எடுப்பென்றால் அரை இடம் தள்ளித்தான். இரண்டு ஆவர்த்தனம் வாசித்ததும் நிறுத்திவிட்டு அடுத்த சீட்டு.

முதல் நாள் கஷ்டமாக இருக்கும். முழுக் கீர்த்தனையையும் ஒரு பிசகில்லாமல் வாசிக்கிற பெண் 12 சீட்டில் ஏழில் திணறியதைப் பார்த்திருக்கிறேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாசிக்கத் தெரியாமல் போய்விட்டதோ என்று நினைத்துவிட்டாள். கைக்குத் தெரிந்திருந்தது, தலைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஒரு சுவரத்தை விரல் வைத்தால்தான் அடுத்த சுவரம் விரலுக்கு ஞாபகம் வரும் என்கிற நிலையில் சங்கிலி ஓடிக்கொண்டிருக்கும்வரை தொந்தரவில்லை. ஒரு கண்ணி அறுந்தால் முழுவதும் போய்விடும். சீட்டுப் பழக்கம் ஒவ்வொரு கண்ணியையும் தனியாகத் தலைக்குக் காட்டிவைக்கிறது. இரண்டு வாரம் விடாமல் செய்தால் சீட்டைப் பிரிக்கும்போதே விரல் இடத்துக்குப் போய்விடும்.

நான் விழுந்த இடத்தைப் போன்ற கிளைவழிகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். நோட்டில் சிவப்பு மையால் எழுதச் சொல்வேன்: "மெட்டு ஒன்று, வழி இரண்டு." வர்ணம் என்கிற பயிற்சிப் பாட்டில், பின்பாதியில் வரும் எத்துகடை சுவரங்கள் ஒவ்வொன்றும் முடிந்து அதே சரண வரிக்குத் திரும்பும்போது, எத்தனையாவது சுவரம் முடிந்தது என்பது இப்படிப்பட்ட இடம். இதற்கு மருந்து, கிளையின் இரண்டு பக்கத்திலும் சாகித்தியத்தை வாய்விட்டுப் பாடுவது. முதலில் வாய், பிறகுதான் வில். வயலின் மாணவர்கள் பாடக் கூச்சப்படுவார்கள். எனக்கு அந்தக் கூச்சத்தில் சமரசம் கிடையாது. பாடத் தெரியாத வரியை என் வகுப்பில் வாசிக்கக் கூடாது.

ஒரு சுவரத்துக்கு ஐந்து புளியங்கொட்டை

திரும்பத் திரும்ப வாசி என்று சொல்வது சுலபம். எதைத் திரும்ப வாசிப்பது? பைரவி ராகத்தில் அட தாள வர்ணம் பழகுகிற பிள்ளைகளை வைத்துச் சொல்கிறேன். பச்சிமிரியம் ஆதியப்பய்யரின் அந்த வர்ணம் வந்துவிட்டால்தான் மாணவருக்கு ஒரு நிலை வந்தது என்று எங்கள் பக்கத்தில் எண்ணுவோம். 14 எண்ணிக்கைத் தாளம், நீளமான வர்ணம். அதில் எல்லோரும் தடுக்குகிற இடம் தைவதம், அதாவது 'த' சுவரம். பைரவியில் 'ப த நி ஸ' என்று ஏறும்போது சதுஸ்ருதி தைவதம், 'நி த ப' என்று இறங்கும்போது சுத்த தைவதம். பஞ்சமத் தந்தியில் இரண்டுக்கும் ஆள்காட்டி விரல்தான். ஏறும்போது மேலே இருந்த விரல் இறங்கும்போது அரைச் சுவரம் கீழே வந்துவிட வேண்டும். வேகத்தில் அது வராமல், ஏறின இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அப்போது வருவது பைரவி இல்லை.

இந்தத் தப்பு வந்ததும் பிள்ளைகள் என்ன செய்வார்கள் தெரியுமா? வர்ணத்தை முதலிலிருந்து எடுப்பார்கள். மூன்று நிமிஷம் நன்றாகத் தெரிந்ததை வாசித்து, தடுக்குகிற இடத்துக்கு வந்து, மறுபடி அதே தப்பைச் செய்துவிட்டுத் தாண்டிப் போவார்கள். அரை மணி நேரத்தில் அந்தத் தப்பை எட்டு முறை பழகி முடித்திருப்பார்கள். கைக்குச் சரி, தப்பு என்ற பேதம் கிடையாது. எதைச் செய்தோமோ அது பதியும்.

செய்ய வேண்டியது இப்படி. தடுக்குகிற அந்தச் சில சுவரங்களை மட்டும் வெட்டியெடுங்கள். முன்னால் ஒரு சுவரம், பின்னால் ஒரு சுவரம் சேர்த்துக்கொள்ளுங்கள். தப்பு வரவே முடியாத அளவுக்கு மெதுவாக வாசியுங்கள். சுத்த தைவதத்துக்கு வரும் முன் காதுக்குள் அந்தச் சுவரம் கேட்க வேண்டும். கேட்ட பிறகுதான் விரல் நகர வேண்டும். பக்கத்தில் ஐந்து புளியங்கொட்டை. சரியாக வந்தால் ஒன்றை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குத் தள்ளுங்கள். தப்பினால் எல்லாக் கொட்டையும் இடப்பக்கம் திரும்பி வந்துவிடும். ஐந்தும் வலப்பக்கம் போனால் கொஞ்சம் காலப்பிரமாணத்தை (வேகத்தை) கூட்டி மறுபடி ஐந்து.

நான்கு கொட்டை தாண்டி ஐந்தாவதுக்கு வரும்போது ஒரு வேடிக்கை நடக்கும். உள்ளங்கை லேசாக ஈரமாகும், மூச்சு மேலே நிற்கும், "இதை விட்டுடக் கூடாது" என்று மனசு பேச ஆரம்பிக்கும். வீட்டுக் கூடத்தில், கேட்க ஒருவர்கூட இல்லாத இடத்தில், மேடை அங்கே வந்துவிட்டது. அந்த ஐந்தாவது கொட்டையைத் தினமும் தள்ளிப் பழகினவருக்கு மேடையின் அந்த உணர்ச்சி புதிது இல்லை.

நேரக் கணக்கு பற்றி

எங்கள் காலத்தில் அசுர சாதகம் என்ற வார்த்தைக்குப் பெரிய மதிப்பு. எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் என்று பெருமையாகச் சொல்வார்கள். நேரம் தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சகாக்கள் இருவரும் மேற்கு பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட கட்டுரையில், முதல் தரத்தில் இருந்தவர்கள் 18 வயதுக்குள் சராசரியாக ஏறக்குறைய 7,400 மணி நேரம் தனியாகச் சாதகம் செய்திருந்தார்கள். அடுத்த தரம் ஏறக்குறைய 5,300. இந்த எண்ணை எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். அதே கட்டுரையில் இன்னொன்றும் இருக்கிறது: நன்றாக வாசித்த மாணவர்கள் மற்றவர்களைவிட அதிகம் தூங்கினார்கள், மத்தியானத்தில் ஒரு குட்டித் தூக்கம் போட்டார்கள், சாதகத்தை இடைவெளி விட்டுத் துண்டு துண்டாகச் செய்தார்கள். இதை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக் காலையில் 25 நிமிஷம், சாயங்காலம் இரண்டு 25 நிமிஷம், நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் பத்து நிமிஷம். இது போதும், கவனம் இருந்தால். கவனம் போனதற்கு அடையாளம் உண்டு: தப்பு வந்ததுகூடக் காதில் விழாமல் விரல் தாண்டிப் போய்விடும். அப்போது வயலினைப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

இன்னொரு மாற்றமும் செய்து பாருங்கள். ஒரே உருப்படியை அந்த 25 நிமிஷமும் அரைக்காமல், வர்ணத்தில் தடுக்குகிற இடம், கீர்த்தனையில் ஒரு சங்கதி, தோடி ராகத்தில் ஒரு பிடி (ராகத்தைக் காட்டும் சுவரத் தொடர்) என்று மூன்றை எடுத்துச் சுற்றிச் சுற்றி வாருங்கள். அப்போதைக்கு மோசமாக வருகிற மாதிரிதான் இருக்கும். ஷே, மார்கன் என்ற இருவர் 1979இல் கையசைவுப் பயிற்சியை வைத்து இதைச் சோதித்தார்கள். மூன்று அசைவுகளைக் கலந்து பழகியவர்கள் பழகும்போது தடுமாறினார்கள். சில நாள் கழித்துச் சோதித்தபோது, ஒவ்வொன்றாகப் பழகியவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். ஒவ்வொரு தடவையும் தலை அந்த இடத்தைப் புதிதாகத் தேடிப் பிடிக்க வேண்டியிருப்பதுதான் காரணம். மேடையும் அப்படித்தானே? ஒரு உருப்படி முடிந்து கைதட்டல் ஓய்வதற்குள் இன்னொரு ராகத்துக்குப் போக வேண்டும்.

முதல் தடவை மட்டுமே கணக்கு

வீட்டில் நாலாவது தடவை பிரமாதமாக வரும். அதைக் கேட்டுத்தான் "வீட்டில் நல்லா வாசிக்கிறாள்" என்கிறார்கள். கச்சேரியில் நாலாவது தடவை கிடையாது. அதனால் தினமும் காலையில் சுருதி சேர்த்ததும், தொடக்கப் பயிற்சியான சரளி வரிசை கூட வாசிக்காமல், அந்த வாரத்து உருப்படி ஒன்றை நேராக எடுத்து, முடிவு வரை நிறுத்தாமல் வாசித்து, போனில் பதிவு செய்யுங்கள். ஒரே தடவை. பிறகுதான் மற்ற சாதகம். பதிவை அப்போதே கேட்க வேண்டாம். சாயங்காலம் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் உண்மையான மேடைத்தரம் அந்தப் பதிவில் இருக்கிறது. ஒரு மாதம் கழித்து முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால், மேடைக்குத் தயாரா இல்லையா என்று என்னைக் கேட்கவே வேண்டியிருக்காது.

வயலின் இல்லாமலும் இதைச் செய்யலாம். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகும் பேருந்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கீர்த்தனையை மனசுக்குள் முழுவதும் வாசித்துப் பார்ப்பேன். வில் மேலா கீழா, எந்தத் தந்தி, எந்த விரல் என்பது வரை. ஏதோ ஒரு இடத்தில் படம் மங்கும்; மெட்டு கேட்கும், விரல் தெரியாது. மேடையில் மறதி வரப்போவது அந்த இடத்தில்தான். அதற்குச் சீட்டு எழுதிவிடுவேன்.

உடம்பு செய்யும் வேலை

"பயப்படாதே" என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். சொல்லிப் பயம் போன பிள்ளையை நான் பார்த்ததில்லை. பயத்தோடு கூடவே, பயப்படுவது தப்பு என்ற நினைப்பும் சேர்ந்துவிடும்.

நடப்பது என்ன என்று சொல்லிக்கொடுங்கள். கூட்டத்தைப் பார்த்ததும் உடம்பில் அட்ரினலின் ஏறுகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. தோலுக்குப் போகிற ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் விரல் சில்லிட்டுப் போகிறது. எச்சில் வற்றுகிறது. தசை இறுகி நடுக்கம் வருகிறது. ஓடுவதற்கோ சண்டை போடுவதற்கோ உடம்பு தயாராகிறது. அதற்குக் கச்சேரி என்று தெரியாது. இது பிள்ளையின் குணக்கேடு அல்ல.

வயலினில் இந்த நடுக்கம் முதலில் தெரிவது வலது கையில். கட்டைவிரல் வில்லை அழுத்திப் பிடிக்கும், சுண்டுவிரல் விறைக்கும், நீளமாக ஒரு ஷட்ஜம் இழுத்தால் வில் தந்தியின் மேல் துள்ளும். வில் நுனியில் தொடங்கினால் இன்னும் மோசம். நடுவில்லில் தொடங்குங்கள். ஆலாபனையை (தாளமில்லாமல் ராகத்தை விரித்து வாசிப்பதை) முதலில் வைக்காதீர்கள். பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக் கொடுத்ததாகச் சொல்லும் கச்சேரி முறையில் வர்ணம் முதலில் வருகிறதே, கை சூடேற அதைவிட நல்ல வழி இல்லை. நடுத்தர வேகம், எல்லாம் தீர்மானமான சுவரங்கள், குட்டி குட்டி வில். பத்து நிமிஷத்தில் நடுக்கம் தானே அடங்கும்.

இதையும் வீட்டிலேயே பழகலாம். மாடிப்படியை வேகமாக மூன்று தடவை ஏறி இறங்குங்கள். மூச்சு வாங்கும்போதே உட்கார்ந்து வயலினை எடுத்து, கணுக்காலில் வயலினின் சுருள்முனையைச் சாய்த்துக்கொண்டு, சஹானா ராகத்தில் நாலு நீண்ட வில் போடுங்கள். இதயம் அடித்துக்கொண்டிருக்கும்போது கையைத் தளர்த்த எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரிய வேண்டும். வாரம் இரண்டு நாள் போதும். மூச்சுக்கு ஒரே ஒரு வழிதான் சொல்வேன்: உள்ளே இழுப்பதைப் போல இரண்டு பங்கு நேரம் வெளியே விடுங்கள். மேடையேறும் முன் ஆறு மூச்சு அப்படி.

ஏசி அரங்கில் விரல் சில்லிட்டால் வெந்நீர் பிளாஸ்க் கொண்டுபோய், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பேன். கை வியர்ப்பவர்கள் கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள். கமகத்துக்காக (சுவரத்தை அசைத்து வாசிப்பதற்காக) இடது விரலில் எண்ணெய் தடவுகிறவர்கள் அன்றைக்கு வழக்கத்தைவிடக் குறைவாகத் தடவுங்கள். வியர்வையும் எண்ணெயும் சேர்ந்தால் விரல் நிற்காது.

மனசுக்குள் சொல்லிக்கொள்வது பற்றி ஒரு சின்ன ஆராய்ச்சி எனக்குப் பிடிக்கும். ஹார்வர்டைச் சேர்ந்த அலிசன் வுட் ப்ரூக்ஸ் 2014இல் வெளியிட்டது. பாடப் போகிறவர்களில் சிலரை "பதற்றமாக இருக்கிறேன்" என்றும் சிலரை "உற்சாகமாக இருக்கிறேன்" என்றும் வாய்விட்டுச் சொல்லவைத்தார். இரண்டாவது கூட்டம் இன்னும் சரியாகப் பாடியது. இதயம் படபடப்பது இரண்டிலும் ஒன்றுதான், பெயர்தான் வேறு. என் பிள்ளைகள் மேடைக்குப் பக்கத்தில் நிற்கும்போது "எப்படி இருக்கு?" என்று கேட்பேன். "உற்சாகமா இருக்கு டீச்சர்" என்று சொல்லியாக வேண்டும். சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்தச் சிரிப்பிலேயே தோள் கொஞ்சம் இறங்கிவிடும்.

மாத்திரை பற்றிக் கேட்கிறார்கள். ப்ரோப்ரனோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகளை மேல்நாட்டு ஆர்க்கெஸ்ட்ரா கலைஞர்கள் பலர் நடுக்கத்துக்காகப் போட்டுக்கொள்வது உண்மை. அது டாக்டர் பார்த்துத் தர வேண்டிய இதய மருந்து. ஆஸ்துமா உள்ளவருக்கு ஆபத்தாகலாம். சக கலைஞர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார் என்று வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கொலுவிலிருந்து மேடைக்கு

அப்பாவிடம் நாகஸ்வரம் கற்ற பையன்களுக்கு மேடை பயம் என்ற பேச்சே இல்லை. அது ஏன் என்று பின்னால் யோசித்துப் பார்த்தேன். முதலில் அவர்கள் வாசித்தது அர்த்தஜாமத்தில், பள்ளியறை நேரத்தில், பத்து நிமிஷம் நீலாம்பரி ராகம். கேட்க அர்ச்சகரும் மடப்பள்ளி ஆளும் இரண்டு பாட்டிகளும். ஒரு வருஷம் அது. பிறகு காலையில் பூபாளம், பௌளி. பிறகு உற்சவத்தில் அப்பாவுக்குப் பின்னால் ஒத்து (சுருதி மட்டும் கொடுக்கும் குழல்) ஊதி, இடையிடையே வாசித்து, கல்யாணத்துக்குப் போய், கடைசியில்தான் தனிக் கச்சேரி. படி படியாக ஏறினார்கள். எந்தப் படியும் முழங்காலுக்கு மேல் இல்லை. இன்றைக்கு நம் பிள்ளைகள் அறைக்குள் மூன்று வருஷம் கற்றுவிட்டு நேராகப் போட்டி மேடையில் ஏறுகிறார்கள்.

படிகளை நாமே கட்ட வேண்டும். என் வகுப்பில் முதல் படி, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இன்னொரு பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவது. பிறகு வீட்டில் தாத்தா பாட்டிக்கு. பிறகு நவராத்திரி. ஒன்பது நாளும் கொலு வீடுகளில் "ஒரு பாட்டு வாசியேன்" என்று கேட்கிற ஊர் நம் ஊர். இந்த வாய்ப்பைச் சுண்டலோடு விட்டுவிடக் கூடாது. ஒரே உருப்படியை ஒன்பது வீட்டில் வாசிக்கச் சொல்வேன். தரையில் பாய், பக்கத்தில் குக்கர் விசில், குறுக்கே ஓடும் குழந்தை, சுருதி சேர்க்க அவகாசம் கிடையாது. மூன்றாவது வீட்டில் வராத தைரியம் ஏழாவது வீட்டில் வந்துவிடுகிறது.

போன வருஷம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். சின்னப் பிசகு வந்தாலும் வில்லை எடுத்துவிட்டு "சாரி" என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிற பழக்கம் அவனுக்கு. மூன்று மாதம் சீட்டு டப்பாவும், நடுவில் நான் வேண்டுமென்றே பாத்திரத்தைத் தள்ளிவிடுவதுமாகப் போனது. ஐந்தாம் நாள் கொலுவில் அவன் அனுபல்லவியில் இருக்கும்போது வீட்டு மாமி கற்பூரத்தட்டோடு வந்து, "ஒரு நிமிஷம்டா கண்ணா, ஆரத்தி காட்டிடறேன்" என்றார். வில்லைத் தூக்கினான். ஆரத்தி முடிந்தது. கண்ணை மூடி ஒரு ஆவர்த்தனம் எண்ணிவிட்டு, அனுபல்லவியின் இரண்டாவது வரியிலிருந்து எடுத்தான். என் அப்பா அதைப் பார்க்க இல்லை.

பக்கவாத்தியம் வாசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாடகர் தெரியாத கீர்த்தனையை எடுத்தால், எல்லாச் சுவரத்தையும் துரத்தாதீர்கள். வரி முடிகிற இடத்தில் அவரோடு சேருங்கள், இரண்டாம் முறை பாடும்போது பாதி வந்துவிடும், மூன்றாம் சங்கதியில் கூடவே போகலாம். அதுவரை சுருதியை மெல்லத் தாங்கினால் யாருக்கும் குறை தெரியாது. பக்கவாத்தியத்தில் பயம் பெரும்பாலும், எல்லாம் தெரிந்த மாதிரி காட்ட வேண்டும் என்ற ஆசையிலிருந்து வருகிறது.

அன்றைய தினம்

கச்சேரி நாளில் புதிதாக எதையும் பழக வேண்டாம். காலையில் ஒவ்வொரு உருப்படியின் எடுப்பை மட்டும் வாசித்துப் பார்த்துவிட்டு வயலினை மூடுங்கள். மத்தியானம் படுங்கள். ரோசின், மாற்றுத் தந்தி, கைக்குட்டை, சுருதிப்பெட்டி எல்லாவற்றையும் முதல்நாளே பையில் வைத்துவிடுங்கள். அரங்கத்துக்கு முக்கால் மணி முன்னால் போய் அந்தக் குளிரில் வயலினைத் திறந்துவைத்தால், சுருதி நகர்வதெல்லாம் மேடைக்கு முன்னாலேயே நகர்ந்து முடியும்.

மேடையில் முதல் ஐந்து நிமிஷம் முன்வரிசையைப் பார்க்காதீர்கள். போனைப் பார்க்கிற ஒருவர் எப்போதும் இருப்பார். மிருதங்கக்காரரின் வலது கையைப் பாருங்கள். அவரோடு பேசிக்கொண்டிருக்கிற மாதிரி வாசியுங்கள்.

தப்பு வந்தால்? தாளத்தை மட்டும் விடாதீர்கள். ஒரு ஆவர்த்தனம் பஞ்சமத்திலோ ஷட்ஜத்திலோ நின்றாலும் பரவாயில்லை; அடுத்த எடுப்பில் டப்பாவிலிருந்து ஒரு சீட்டை எடுத்தது மாதிரி ஏறிக்கொள்ளுங்கள். அதற்குத்தான் அத்தனை சீட்டு. முகத்தைச் சுளிக்காதீர்கள். சபையில் பத்துக்கு ஒன்பது பேருக்குத் தப்பு தெரிவதே வாசிக்கிறவர் முகத்தில்தான்.

அன்று ராத்திரி யாரிடமும் கச்சேரியைப் பற்றிக் கேட்காதீர்கள், பெற்றோரும் காரில் விமரிசனம் செய்ய வேண்டாம். மறுநாள் காலை நோட்டில் மூன்று வரி எழுதினால் போதும்: எது நன்றாக வந்தது, எங்கே தடுக்கியது, அதற்கு என்ன சாதகம். போன தை மாதம் ஒரு கோயில் கச்சேரி முடிந்து நான் எழுதியது இதோ இருக்கிறது: "வர்ணம் நிதானம். மோகனம் சிட்டஸ்வரம் இரண்டாம் காலம் சுத்தம். தோடியில் தார ஸ்தாயி காந்தாரம் பிடிக்கும்போது வில் நுனிக்குப் போய்விட்டது, நடுங்கியது. நடுவில்லிலிருந்து அந்தப் பிடி, ஐந்து கொட்டை, பத்து நாள்." எழுதிவிட்டு அந்தப் பிடிக்கு ஒரு சீட்டு வெட்டி டப்பாவில் போட்டேன்.